கூகுளின் நேர்முகப் பரீட்சை: தகுதியானோரையும் திருப்பி அனுப்பும் வாசல்

கூகுள் நிறுவனத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரி சுந்தர் பிச்சை, 2025 ஜூன் மாதத்தில் இணைய ஒலிபரப்பு நிகழ்ச்சியொன்றில் கலந்துகொண்டு உரையாடுகையில், மென்பொருள் பொறியியலாளர்களைத் தெரிவு செய்யும் நேர்முகப் பரீட்சைகளில் குறைந்தது ஒரு சுற்றையேனும் விண்ணப்பதாரி நேரில் தோன்றும் வகையில் நடத்தப் போவதாகத் தெரிவித்திருந்தார். கொவிட் பெருந்தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டில் முற்றுமுழுதாக இணையவழிக்கு மாற்றப்பட்ட நேர்முகப் பரீட்சைகள் ஐந்து ஆண்டுகளின் பின்னர் பகுதியளவிலேனும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்பதே இதன் பொருளாகும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையுடன் விண்ணப்பதாரிகள் விடைகளைப் பெற்றுக்கொள்வது பெருகிவிட்டமையே இந்த மாற்றத்துக்கான காரணம். ஆட்சேர்ப்புப் பிரிவொன்றின் உள்வீட்டு விவகாரம் போன்று இது தோன்றினும், கலிபோர்னியாவிலிருந்து பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்துகொண்டு அந்த வாசலை எட்டிப் பார்க்கும் இளைஞர்களுக்கு இது சாதாரண செய்தியன்று.

அந்த வாசலில் நடப்பது என்ன என்பதை முதலில் நோக்க வேண்டியுள்ளது. கூகுளுக்கு ஆண்டொன்றுக்கு இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் கிடைத்து வந்ததாக அதன் மனிதவளப் பிரிவின் தலைவராக நீண்டகாலம் பணியாற்றிய லாஸ்லோ பொக் எழுதியுள்ளார். அவர்களுள் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேரே உள்ளே செல்கின்றனர். விண்ணப்பம் கவனத்தை ஈர்த்தால் முதலில் தொலைபேசியில் முக்கால் மணி நேரப் பரீட்சை நடைபெறும். இதில் தேறியவர் தொடர்ந்து நான்கு அல்லது ஐந்து பொறியியலாளர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கணிப்புச் சிக்கலைக் கொடுப்பார். அதற்கான செய்நிரலை வெண்பலகையிலோ, இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய வெறும் எழுத்து ஆவணமொன்றிலோ எழுத வேண்டும். எழுதிய நிரல் இயங்குகின்றதா என்று இயக்கிப் பார்க்கும் வசதி பல வேளைகளில் அங்கு இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே, தாம் என்ன நினைக்கின்றார் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கலைப்பீடத்தில் பயின்ற எம்மைப் போன்றோர், மூவர் அமர்ந்திருக்கும் மேசைக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டைக்கூட மறந்துபோன அனுபவத்தை நினைத்துப் பார்த்தால், இதன் கடுமை ஓரளவு புலனாகும்.

எனினும் இந்த முறையில் எம்மவர் பொறாமைப்படக்கூடிய ஓர் அம்சமும் உண்டு. பரீட்சித்தவர்கள் முடிவெடுப்பதில்லை. வேலைக்கு ஆள் தேவைப்படும் முகாமையாளரும் முடிவெடுப்பதில்லை. பரீட்சகர்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கைகளையும் வழங்கிய புள்ளிகளையும், விண்ணப்பதாரியின் முகத்தையே கண்டிராத வேறு சிலர் அடங்கிய குழுவொன்று வாசித்துத் தீர்மானிக்கின்றது. நிறுவனத்தை ஆரம்பித்தவர்களுள் ஒருவரான லரி பேஜ் பல ஆண்டுகளாக ஒவ்வொரு நியமனத்தையும் தாமே இறுதியாகப் பார்வையிட்டு வந்தார். அரசியல்வாதியின் கடிதம் இன்றி அரச திணைக்களத்தில் ஒரு சிற்றூழியர் நியமனமும் கிடைக்காது என்ற எண்ணம் வேரூன்றிவிட்ட நாட்டில் வாழ்பவர்களுக்கு, முடிவெடுப்பவரிடமிருந்து விண்ணப்பதாரியின் முகத்தையே மறைத்துவிடும் இந்த ஏற்பாடு வியப்பையே தரும். அங்கும் சிபாரிசு அறவே இல்லை என்றில்லை. ஒரு காலத்தில் புதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் உள்ளிருந்த ஊழியர்களின் பரிந்துரையினாலேயே அழைக்கப்பட்டனர். ஆயின் அந்தப் பரிந்துரை கதவைத் தட்டுவதற்கே உதவியது. திறப்பதற்கு உதவவில்லை.

இவ்வளவு எச்சரிக்கையுடன் அமைக்கப்பட்ட முறை, யாரைத் திருப்பி அனுப்புகின்றது என்பதுதான் கேள்வி.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்ஸ் ஹவல் என்ற மென்பொருள் வல்லுநர் டுவிட்டரில் எழுதிய ஒரு குறிப்பு உலகெங்குமுள்ள பொறியியலாளர்களிடையே பெரும் வாதத்தைக் கிளப்பிவிட்டது. அப்பிள் கணினிகளில் ஏனைய மென்பொருட்களை இலகுவாக நிறுவுவதற்கு உதவும் 'ஹோம்புரூ' என்ற இலவசக் கருவியை உருவாக்கியவர் அவர். தமது பொறியியலாளர்களில் 90 சதவீதத்தினர் அக்கருவியைப் பயன்படுத்துவதாகக் கூறிய கூகுள், வெண்பலகையில் ஓர் இருகிளை மரத்தைத் திருப்பிப் போடத் தெரியவில்லை என்பதற்காகத் தம்மை நிராகரித்துவிட்டதாக அவர் குமுறியிருந்தார். இருகிளை மரம் என்பது வேறொன்றுமில்லை. வம்சாவளி அட்டவணை போன்று, ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதிகபட்சம் இரண்டு கிளைகள் பிரியுமாறு தரவுகளை ஒழுங்குபடுத்தும் முறையே அது. இடதுபுறக் கிளைகளை வலதுபுறத்துக்கும் வலதுபுறக் கிளைகளை இடதுபுறத்துக்கும் மாற்றுவது முதலாம் வருட மாணவனுக்குப் பாடம். பல்லாண்டு அனுபவம் உள்ளவருக்கோ அன்றாட வேலையில் அநேகமாக எதிர்ப்படாத ஒன்று. தமது கோபம் முற்றிலும் நியாயமானதன்று என்று ஹவல் பின்னாளில் எழுதினார் என்பதையும் இங்கு குறிப்பிடவே வேண்டும். ஆனால் அவர் எழுப்பிய வினா அவருடைய கோபம் தணிந்த பின்னரும் தணியவில்லை.

இதற்கு முன்னரே வேறிரு நிறுவனங்களில் நிகழ்ந்த ஒரு சம்பவம் எமது வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. யாஹூ நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்து விலகிய பிரையன் அக்டன், 2009ஆம் ஆண்டில் டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் வேலை கேட்டார். இரு இடங்களிலும் மறுத்துவிட்டனர். அந்த ஏமாற்றத்தை மனங்கோணாது அவரே டுவிட்டரில் பதிந்தும் வைத்தார். அதன் பின்னர் தமது நண்பர் ஜான் கோமுடன் சேர்ந்து அவர் கட்டியெழுப்பியதுதான் இன்று கொழும்பிலும் காத்தான்குடியிலும் கிளிநொச்சியிலும் கைப்பேசி வைத்திருக்கும் அனைவரும் பயன்படுத்தும் வட்ஸ்அப். 2014ஆம் ஆண்டில் அதனை 1900 கோடி டொலர் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது, அக்டனுக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்க மறுத்த அதே பேஸ்புக் நிறுவனமாகும்.

இவர்கள் எல்லாம் விதிவிலக்குகள், தவறுகள் எங்கும் நிகழத்தான் செய்யும் என்று கூறிவிடலாம். ஆனால் நிறுவனங்களின் உள்ளேயிருந்தே வெளிவந்த தகவல்கள், இது தற்செயலாக நேரும் தவறு அன்று எனக் காட்டுகின்றன. கூகுளின் ஆய்வுப் பணிப்பாளராக விளங்கிய பீற்றர் நோர்விக், 2009இல் வெளியான நூலொன்றுக்காக அளித்த செவ்வியில் விசித்திரமான ஓர் அவதானத்தை வெளியிட்டிருந்தார். பரீட்சகர்கள் ஒன்று முதல் நான்கு வரையிலான புள்ளிகளை வழங்குகின்றனர். வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளின் பின்னர் யார் மிகச் சிறப்பாகப் பணியாற்றுகின்றனர் என்று பார்த்தபோது, ஏதேனும் ஒரு நேர்முகப் பரீட்சையில் ஆகக் குறைந்த ஒரு புள்ளியைப் பெற்றிருந்தவர்கள் அவர்களிடையே குறிப்பிடத்தக்க அளவில் இருந்தனராம். இதற்கு நோர்விக் கூறும் விளக்கம் கவனிக்கத்தக்கது. ஒருவர் ஒரு புள்ளி கொடுத்த பின்னரும் அந்த விண்ணப்பதாரி உள்ளே எடுக்கப்பட்டாராயின், வேறொருவர் அவருக்காக உறுதியாக நின்று வாதாடியிருக்க வேண்டும். அவ்வாறு வாதாட ஆளின்றித் திரும்பிப் போனவர்களின் கதை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர்கள் எவ்வளவு திறமையாகப் பணியாற்றியிருப்பார்கள் என்பதை நிறுவனம் ஒருபோதும் அறியப் போவதுமில்லை.

அப்போது கூகுளில் பணியாற்றிய ஸ்டீவ் யெக்கி என்ற பொறியியலாளர் 2008ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதனை இன்னும் வெளிப்படையாகவே கூறியிருந்தார். நிறுவனத்தில் ஏற்கெனவே சிறப்பாகப் பணியாற்றும் எவரை எடுத்துக்கொண்டாலும், அவரை நிராகரித்திருக்கக்கூடிய பரீட்சகர் குழுவொன்றை அதே நிறுவனத்தின் ஊழியர்களைக் கொண்டே அமைத்துவிடலாம் என்பது அவரது வாதம். அதாவது அன்றைய தினம் யார் முன்னிலையில் அமர நேர்ந்தது என்பதும் ஒரு தகைமையாகிவிடுகின்றது.

சுந்தர் பிச்சையின் சொந்த அனுபவமே இதற்குச் சான்று பகரும். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த அவர், கூகுளில் நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றியது 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி. அன்றுதான் ஜிமெயில் சேவை அறிவிக்கப்பட்டிருந்தது. முட்டாள்கள் தினப் பகிடி என்றே அவர் அதனை எண்ணினார். ஜிமெயில் பற்றி என்ன நினைக்கின்றீர்கள் என்று ஒருவர் பின் ஒருவராகப் பரீட்சகர்கள் கேட்டபோது, அதனைப் பயன்படுத்திப் பார்த்திராத அவரால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியவில்லை. நான்காவது பரீட்சகர்தான், நீங்கள் ஜிமெயிலைப் பார்த்திருக்கின்றீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் அதனைத் திறந்து காட்டினார். ஐந்தாமவர் அதே கேள்வியைக் கேட்டபோது பிச்சையால் பதிலளிக்க முடிந்தது. இதனை அவரே 2017 ஜனவரியில் தாம் பயின்ற கரக்பூர் இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்கள் முன்னிலையில் சிரித்தபடி நினைவுகூர்ந்தார். அவர் விண்ணப்பித்தது செய்நிரல் எழுதும் பதவிக்கன்று. இருப்பினும் நான்காவது பரீட்சகருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிராவிடின் கதை எவ்வாறு முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

இனி, இந்தப் பரீட்சைகள் எதனை அளக்கின்றன என்ற விடயத்துக்கு வருவோம். மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தில் தொடங்கிப் பின்னர் கூகுளுக்கும் பரவிய புதிர்க் கேள்விகள் ஒரு காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்தன. வீதியிலுள்ள பாதாள சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கின்றது, ஒரு விமானத்தினுள் எத்தனை கோல்ஃப் பந்துகளை நிரப்பலாம் என்றெல்லாம் கேட்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் கூகுள், தனது பெயரைக்கூடக் குறிப்பிடாமல், கணித மாறிலியான 'ஈ'யின் இலக்கத் தொடரில் முதலாவதாக வரும் பத்து இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடிக்குமாறு சிலிக்கன் பள்ளத்தாக்கின் பெருந்தெருவோரத்தில் விளம்பரப் பலகை நாட்டியது. விடை கண்டவர்களை அந்த எண்ணின் பெயரிலமைந்த இணையத்தளம் அடுத்த புதிருக்கு இட்டுச் சென்று, இறுதியில் வேலைக்கு விண்ணப்பிக்குமாறு அழைத்தது. ஆனால் 2013 ஜூனில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குச் செவ்வியளித்த லாஸ்லோ பொக், இத்தகைய புதிர்கள் எதனையும் முன்னறிவிப்பதில்லை, கேள்வி கேட்பவருக்குத் தாம் புத்திசாலி என்ற திருப்தியைத் தருவதே அவற்றின் பிரதான பயன் என்று போட்டுடைத்தார். பல்லாயிரம் நேர்முகப் பரீட்சைகளின் புள்ளிகளை, பின்னர் அந்த ஊழியர்கள் ஆற்றிய பணியுடன் ஒப்பிட்டபோது இரண்டுக்கும் இடையே தொடர்பே காணப்படவில்லை என்றும் அவர் தெரிவித்தார்.

தனது தவறைத் தானே அளந்து பார்த்து வெளியிடுவதற்கு ஒரு நிறுவனத்துக்குத் துணிவு வேண்டும். அந்தப் பெருமையை கூகுளுக்கு மறுக்க முடியாது. அதன் பின்னர் புதிர்கள் கைவிடப்பட்டு, அனைவருக்கும் ஒரே வகையான கேள்விகளும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட புள்ளித்திட்டமும் முக்கியத்துவம் பெற்றன. முற்காலத்தில் பத்துக்கும் அதிகமான நேர்முகப் பரீட்சைகளுக்கு அலைக்கழிக்கப்பட்டவர்கள் இருந்தனர். நான்கு பரீட்சைகளே 86 சதவீத நம்பகத்தன்மையைத் தந்துவிடுகின்றன, அதற்கு மேல் நடத்துவதால் ஒரு சதவீதமும் கூடுவதில்லை என்பதைத் தரவுகளின் மூலம் கண்டறிந்து எண்ணிக்கையையும் குறைத்தனர்.

ஆனால் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. தகுதியற்ற ஒருவரை உள்ளே எடுப்பதிலும் பார்க்கத் தகுதியான ஒருவரை இழப்பது மேல் என்பதே அத்தத்துவம். 2000ஆம் ஆண்டளவில் ஜோயல் ஸ்பொல்ஸ்கி என்ற மென்பொருள் எழுத்தாளர் பரப்பிய இந்தக் கருத்து, இன்று அத்துறையில் வேதவாக்காகிவிட்டது. நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரியான கணக்குத்தான். தவறான ஒருவரை விலக்குவது செலவும் சிக்கலும் நிறைந்தது. நல்லவர் ஒருவர் போய்விட்டாலோ, வாசலில் இருபது இலட்சம் பேர் நிற்கின்றனர். ஆனால் இந்தக் கணக்கில் நட்டம் என்று ஒரு நிரல் இருந்தால், அது முழுவதும் விண்ணப்பதாரியின் பெயரிலேயே எழுதப்படுகின்றது. மாதக்கணக்கில் ஆயத்தம் செய்து, விடுமுறை எடுத்து, நாள் முழுவதும் பரீட்சைக்கு முகங்கொடுத்தவருக்கு, உங்களை எடுப்பதற்கில்லை என்ற இரண்டு வரிகளே கிடைக்கின்றன. எங்கே பிழைத்தது என்பதைச் சொல்வதில்லை. காரணத்தைச் சொன்னால் அது நீதிமன்றத்தில் தமக்கெதிராகத் திரும்பக்கூடும் என்ற அச்சம் நிறுவனங்களுக்கு உண்டு. தேறியவர்களுக்கும் உடனடி நிம்மதியில்லை. குழு ஏற்றுக்கொண்ட பின்னரும், அவரைச் சேர்த்துக்கொள்ளப் பொருத்தமான பிரிவு கிடைக்கும் வரை வாரக்கணக்கிலும் சில வேளைகளில் மாதக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியுள்ளது.

அவ்வாறெல்லாம் வடிகட்டி எடுத்தவர்களை நிறுவனம் எவ்வாறு நடத்தியது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை நீக்கியபோது, அதிகாலையில் கணினியைத் திறக்க முடியாமற் போனபோதே சிலர் தமக்கு வேலை போய்விட்டதை அறிந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் நீக்கப்பட்ட சில நூறு பேர், மற்றவர்களைத் தெரிவு செய்து வந்த ஆட்சேர்ப்புப் பிரிவினரேயாவர்.

பரீட்சை கடினமாகும்போது அதனைச் சுற்றி ஒரு வியாபாரம் வளர்வது எமக்குப் புதிதன்று. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைச் சூழ்ந்து இங்கு வளர்ந்துள்ள ரியூசன் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் கட்டுகளையும் அறிந்தவர்களுக்கு, சிலிக்கன் பள்ளத்தாக்கில் நடப்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கூகுளில் பொறியியலாளராகவும் தெரிவுக் குழு உறுப்பினராகவும் இருந்த கெயில் லாக்மன் மக்டவல் 2008ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டி நூல், மறுபதிப்புகள் கண்டு அத்துறையில் நுழைவோரின் கையேடாகிவிட்டது. 'லீட்கோட்' என்ற இணையத்தளத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி வினாக்கள் குவிந்து கிடக்கின்றன. கட்டணம் செலுத்துவோர் எந்தக் கேள்வி எந்த நிறுவனத்தில் கேட்கப்பட்டது என்பதையும் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான வினாக்களைச் செய்து முடித்துவிட்டே பரீட்சைக்குச் செல்ல வேண்டும் என்பது இப்போது சாதாரண அறிவுரையாகும். கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்தவன் அறிவாளியாகவும் இருக்கக்கூடும். ஆனால் பரீட்சை காட்டித் தருவது அவன் அவற்றைக் கரைத்துக் குடித்தான் என்பதை மட்டுமே.

இந்த ஆயத்தத்துக்குத் தேவைப்படுவது ஓய்வு நேரம். பகலில் வேலை, மாலையில் குழந்தைகள், இரவில் முதிய பெற்றோர் என்று வாழும் நாற்பது வயதுக்காரருக்கு அது எங்கிருந்து வரும்? 2015ஆம் ஆண்டில் கூகுளுக்கு எதிராகத் தொடரப்பட்ட வயதுப் பாகுபாட்டு வழக்கை இந்தப் பின்னணியிலேயே பார்க்க வேண்டும். வழக்கில் முன்னிலை வகித்த பெண் பொறியியலாளர் 2007 முதல் 2014 வரையான காலத்தில் நான்கு தடவைகள் அழைக்கப்பட்டு நான்கு தடவைகளும் நிராகரிக்கப்பட்டவர். அவ்வழக்கை முதலில் ஆரம்பித்த, அறுபது வயதில் விண்ணப்பித்த மற்றொருவர், தம்மைத் தொலைபேசியில் பரீட்சித்தவரின் ஆங்கிலம் விளங்கவில்லை என்றும், எழுதிய நிரலை ஆவணமாகப் பகிர்வதற்குக் கேட்டபோது மறுத்துவிட்டு வாயினாலேயே வாசிக்கச் செய்தார் என்றும் முறையிட்டிருந்தார். பாகுபாடு காட்டப்பட்டது என்பதை கூகுள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் 2019ஆம் ஆண்டில் 227 பேருக்கு மொத்தமாக ஒரு கோடியே பத்து இலட்சம் டொலர் வழங்கி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

நேரம் மட்டுமன்றி, பார்வையாளர் முன்னிலையில் நிற்கும் அச்சமும் முடிவைத் தீர்மானிக்கின்றது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. 48 மாணவர்களுக்குச் செய்நிரல் வினா கொடுக்கப்பட்டது. ஒரு சாரார் பரீட்சகர் பார்த்துக்கொண்டிருக்க வெண்பலகையில் எழுதிக்கொண்டே விளக்கமும் கூறினர். மற்றச் சாரார் தனியறையில் எழுதினர். பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னிலையில் எழுதியோரின் தேர்ச்சி பாதிக்கும் கீழாகச் சரிந்தது. அந்தப் பிரிவில் இருந்த பெண்கள் அனைவரும் தவறினர். தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர். சிறிய தொகையினரைக் கொண்ட ஆய்வு என்பதால் இறுதி முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரே வினா, ஒரே பல்கலைக்கழக மாணவர், அறை மாறியதும் பெறுபேறு மாறியது என்பதை எவ்வாறு தட்டிக்கழிப்பது?

இந்த நிலையில்தான் இணையவழி நேர்முகப் பரீட்சை சிலருக்கு ஆறுதலாக வந்தது. தமது வீட்டில், தமது மேசையில், தமது கணினியில் எழுதலாம். விமானச் சீட்டு வேண்டாம், விசா வேண்டாம். அந்த ஆறுதலை அடியோடு அசைத்தது செயற்கை நுண்ணறிவு. 2025ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், பரீட்சகரின் திரையில் தெரியாதவாறு விடையை விண்ணப்பதாரிக்கு மட்டும் காட்டும் மென்பொருளை உருவாக்கினார். அமேசன் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சையில் தாமே அதனைப் பயன்படுத்திக் காட்டிப் பகிரங்கமும் செய்தார். பல்கலைக்கழகம் அவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுத்தது. முதலீட்டாளர்களோ சில மாதங்களுக்குள் 53 இலட்சம் டொலரை அவரது புதிய நிறுவனத்தில் முதலிட்டனர். மோசடிக்குத் தண்டனை ஒரு கையாலும் பரிசு மறு கையாலும் வழங்கப்படும் சந்தையில், இளைஞர்களுக்கு ஒழுக்கம் போதிப்பது கடினமான காரியம்.

எந்திரம் ஒன்று சில நொடிகளில் செய்துவிடக்கூடிய வேலையையே இத்தனை ஆண்டுகளாகப் பரீட்சையாக வைத்திருந்தோம் என்பதை ஒப்புக்கொண்டு, பரீட்சையை மாற்றியமைப்பது இதற்கான ஒரு விடை. மெட்டா நிறுவனம், விண்ணப்பதாரிகள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கு வெளிப்படையாக அனுமதிக்கும் பரீட்சை முறையை 2025ஆம் ஆண்டில் பரிசோதிக்கத் தொடங்கியது. பரீட்சையை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை நேரில் வரவழைப்பது மற்றொரு விடை. கூகுள் முதலில் பற்றிக்கொண்டது இந்த இரண்டாவதையே. விண்ணப்பதாரியிடம் அடிப்படை அறிவு உண்டா என்பதை உறுதிப்படுத்த இது அவசியம் என்பது பிச்சையின் நியாயம். மோசடி செய்வோரைத் தடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் மோசடியாளரையும் தூரத்தில் இருப்பவரையும் ஒரே வலையில் தடுப்பது எளிதான வழியே தவிர, நேரிய வழி அன்று.

ஏனெனில் தூரத்தில் இருப்போரை அவர்கள் செய்த வேலையைக் கொண்டே மதிப்பிடுவது எப்படி என்பது கூகுளுக்குத் தெரியாத வித்தையல்ல. 1998ஆம் ஆண்டில் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒருவரைச் செய்யப்போகும் வேலையின் ஒரு மாதிரியைச் செய்யவைத்துப் பார்ப்பதே அவரது எதிர்காலப் பணியை முன்னறியும் வழிகளில் முன்னணியில் நின்றது. 2022ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அக்கணிப்புகளைத் திருத்தி, ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்முகப் பரீட்சைக்கு முதலிடம் கொடுத்தனர். அப்போதும் மாதிரி வேலை முன்வரிசையை விட்டு அகலவில்லை. கூகுளே 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கோடைகாலச் செய்நிரல் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் வெண்பலகையும் இல்லை, மர்மக் குழுவும் இல்லை. திறந்த மூல மென்பொருள் அமைப்பொன்றுக்குத் தாம் எதனைச் செய்து கொடுக்கப் போகின்றோம் என்ற திட்ட முன்மொழிவை மாணவர் எழுதி அனுப்ப வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்னரே அந்த அமைப்பின் மென்பொருளில் உள்ள சிறு பிழையொன்றைத் திருத்திக் காட்டியிருப்பார். அந்த அமைப்பின் வழிகாட்டிகளே தெரிவு செய்வர். கூகுள் உதவித்தொகை வழங்கும்.

இத்திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக எண்ணிக்கையான மாணவர்கள் தெரிவு செய்யப்பட்ட பல்கலைக்கழகம் எது தெரியுமா? அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களோ இந்தியத் தொழில்நுட்ப நிறுவனங்களோ அன்று, எமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். போர் நடந்துகொண்டிருந்த, விமானத் தாக்குதலும் குண்டுவெடிப்பும் செய்தியாகிக்கொண்டிருந்த ஒரு சிறிய நாட்டின் மாணவர்கள் அவர்கள். 2003ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் போன்ற அமைப்புகள், இலங்கையரைத் திறந்த மூல மென்பொருள் பணிகளில் ஈடுபடுத்தி முன்னரே பாதை வெட்டியிருந்தமையும் இதற்கு உதவியது. அந்த மாணவர்களை எவரும் நேரில் வரச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆங்கில உச்சரிப்பை எவரும் செவிமடுக்கவில்லை. எழுதிய நிரல் இயங்கியதா என்பதையே பார்த்தனர். கோடைகாலத் திட்டம் நிரந்தர நியமனம் அன்று என்பதும், அதற்குரிய தெரிவு முறையை அப்படியே வேலைவாய்ப்புக்குப் பிரயோகிக்க முடியாது என்பதும் உண்மையே. செயற்கை நுண்ணறிவு வந்த பின்னர் அங்கும் யார் எழுதிய நிரல் என்ற ஐயம் எழத்தான் செய்யும். ஆனால் ஒரு பிழையைத் திருத்தி, அது குறித்து வழிகாட்டியுடன் வாரக்கணக்கில் விவாதித்து, அவர் காட்டும் குறைகளைச் சரிசெய்து முன்செல்லும் ஒருவரை, முக்கால் மணி நேரத்தில் ஒரு மரத்தைத் திருப்பிப் போட்டவரிலும் பார்க்க நன்றாக அறிந்துகொள்ளலாம்.

அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இன்று கணினித் துறையில் பயிலும் மாணவர்களுள் பலர், உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள். நினைப்பதை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும் என்ற நிபந்தனை, அவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பரீட்சைகளுக்கு ஒப்பானது. அதற்காவது பயிற்சி பெறலாம். பல்கலைக்கழகங்கள் தமது இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்முகப் பரீட்சைகளை நடத்துவதும், திறந்த மூலப் பணிகளில் அவர்களை இரண்டாம் ஆண்டிலேயே ஈடுபடுத்துவதும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. மொறட்டுவை இதனைச் செய்து காட்டியிருக்கின்றது.

நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனைக்கு அத்தகைய பயிற்சி கிடையாது. கூகுளின் பெரிய பொறியியல் அலுவலகங்களில் எமக்கு மிக அருகிலுள்ளவை பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் சிங்கப்பூரிலுமே இருக்கின்றன. பரீட்சைக்கு அழைக்கும் நிறுவனமே பயணச் செலவை ஏற்பது இத்துறையின் நீண்டகால வழக்கம். ஆகவே பணம் தடையாக இராது என்று நம்பலாம். ஆனால் விசாவை வழங்குவது நிறுவனம் அன்று. இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டும் இளைஞனின் விண்ணப்பத்தைத் தூதரகமொன்று எத்தனை வாரங்கள் வைத்திருக்கும் என்பதையும், அதற்குள் அந்தப் பதவி வேறொருவருக்குப் போய்விடுமா என்பதையும் அன்றைய உரையாடலில் பிச்சை தொடவில்லை.